பீங்கான் கடை முன் நின்ற சிறுவன்: ஜேம்ஸ் ஜாய்ஸின் 'அராபி' கதையில் குறியீடும் தன்னை அறிதலும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் நிலவுரிமை பற்றியோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியோ, ஒரு போராட்டத்தின் வரலாறு பற்றியோ பேசுவதுதான் நம் வழக்கம். இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு காதல் கதை. அதுவும் அயர்லாந்து நாட்டுக் கதை. ஐந்தாறு பக்கம்தான் வரும். ஒரு சிறுவன் ஒரு பெண்ணை விரும்புகிறான். அவளுக்குப் பரிசு வாங்கச் சந்தைக்குப் போகிறான். எதுவும் வாங்காமல் நிற்கிறான். அவ்வளவுதான் கதை. இதைப் பேச இந்த மேடை எதற்கு என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையை எழுதினார். அந்த உரையைப் பேச அவரை விடவில்லை. அவரே அதை அச்சிட்டு வெளியிட்டார். சாதியை ஒழிக்க உண்மையான மருந்து கலப்பு மணமே என்று அதில் அவர் வாதிட்டார். அன்றிலிருந்தே யார் யாரை விரும்பலாம் என்பது நம் இயக்கத்தின் கேள்வியாக இருக்கிறது. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அந்த வன்முறைக்கு முன்னே நின்றது ஒரு காதல் திருமணம். காதல் தனி மனிதர்களின் சொந்த விஷயம் என்று சொல்லும் வசதி நமக்கு இல்லை.

ஆனால் காதலைப் பற்றி நம் மேடைகளில் பேசும்போது வெளியிலிருந்து வரும் வன்முறையைத்தான் பெரும்பாலும் பேசுகிறோம். காதலைத் தேடிப் போகிற ஒருவருக்குள் என்ன நடக்கிறது, அவமானப்பட்டுத் திரும்பும்போது தன்னைப் பற்றி அவர் என்ன முடிவுக்கு வருகிறார் என்பதை அதிகம் பேசுவதில்லை. 'அராபி' அதைப் பேசும் கதை. கடைசி வரியில் அந்தச் சிறுவன் தன்னைப் பற்றித் தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறான். அந்தத் தீர்ப்பில் பாதிதான் அவனுடையது, மீதிப் பாதி மற்றவர்கள் அவன் தலையில் ஏற்றிவைத்தது என்பது என் வாசிப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கதையில் வரும் பொருள்களே நமக்கு உதவுகின்றன.

கதையும் காலமும்

ஜேம்ஸ் ஜாய்ஸ் 1882இல் டப்ளினில் பிறந்தவர். 'அராபி'யை 1905இல் எழுதினார். அது இடம்பெற்ற 'டப்ளினர்ஸ்' தொகுப்பு 1914இல் லண்டனில் வெளியானது. பதினைந்து கதைகள் கொண்ட அந்த நூல் அச்சேற ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இழுபறி நடந்தது. பதிப்பாளர்களும் அச்சகத்தாரும் பயந்தார்கள். 1912இல் டப்ளினில் அச்சான தாள்களை அச்சகக்காரரே அழித்துவிட்டார். சொந்த நகரத்தை அதன் கடைப்பெயர், தெருப்பெயரோடு உள்ளபடி எழுதியதற்குக் கிடைத்த பரிசு அது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறவருக்கு வரும் சிக்கல் நமக்குப் புதிதல்ல.

அன்றைய அயர்லாந்து இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. 1801 முதல் அதற்குத் தனி நாடாளுமன்றமும் கிடையாது. மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்கள். நாட்டை லண்டன் ஆண்டது, வீட்டையும் பள்ளியையும் மனதையும் திருச்சபை ஆண்டது. ஜாய்ஸின் தந்தை வரிவசூல் அலுவலக வேலையை இழந்தவர். வாடகை கட்ட முடியாமல் குடும்பம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. அப்படி அவர்கள் சில காலம் குடியிருந்த இடம்தான் நார்த் ரிச்மண்ட் தெரு. கதை நடப்பதும் அங்கேதான்.

கதையில் வரும் சந்தையும் கற்பனை அல்ல. 1894 மே மாதத்தில் டப்ளினில் 'அராபி' என்ற பெயரில் ஒரு பெரிய கீழைத்தேயக் கண்காட்சி நடந்தது. ஜெர்விஸ் தெரு மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக நடத்தினார்கள். அரேபியா என்பதற்கு ஆங்கிலக் கவிதைகளில் வழங்கிய பழைய பெயர்தான் அராபி.

கதைச் சுருக்கம் இது. சிறுவன் அத்தை, மாமா வீட்டில் வளர்கிறான். தாய் தந்தை பற்றிப் பேச்சே இல்லை. நண்பன் மேங்கனின் அக்கா மீது அவனுக்கு விருப்பம். தினமும் காலையில் ஜன்னல் திரையை ஓரங்குல இடைவெளிக்கு இறக்கிவிட்டு, அதன் வழியே அவள் வாசலைப் பார்த்துக் கிடக்கிறான். அவள் வெளியே வந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறான். ஒருநாள் அவளே அவனிடம் பேசுகிறாள். அராபிக்குப் போவாயா, எனக்குப் போக ஆசை, ஆனால் அந்த வாரம் எங்கள் மடத்தில் தியானம் என்கிறாள். போனால் உனக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். சனிக்கிழமை இரவு மாமா ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்து சேர்கிறார், குடித்துவிட்டு. அதன்பின் காசு வாங்கிக்கொண்டு, ஆளில்லாத ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறிப் போகிறான். மணி ஒன்பது ஐம்பது. கடைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. திறந்திருக்கும் ஒரு பீங்கான் கடையில் விற்பனைப் பெண் இரண்டு இளைஞர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். என்ன வேண்டும் என்று கடமைக்குக் கேட்கிறாள். ஒன்றும் வேண்டாம் என்கிறான். விளக்கு அணைகிறது. இருட்டில் நின்று, தற்பெருமையால் ஆட்டுவிக்கப்பட்ட ஒரு பிராணியாகத் தன்னை உணர்கிறான். அவன் கண்கள் வேதனையிலும் கோபத்திலும் எரிகின்றன.

குறியீட்டை எப்படி வாசிப்பது?

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு நோட்ஸ் புத்தகங்கள் ஒரு பட்டியல் தரும். பழுப்பு நிறம் என்றால் தேக்கம், ஆப்பிள் மரம் என்றால் ஏதேன் தோட்டம், வெளிச்சம் என்றால் அன்னை மரியாள். தேர்வுக்கு இது உதவலாம். வாசிப்புக்கு உதவாது. நான் சொல்லும் வழி எளிமையானது. ஒரு பொருளைக் குறியீடு என்று சொல்லும் முன், அது கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். யார் வாங்கினார்கள், யார் கையில் இருக்கிறது, யாரைத் தடுக்கிறது, யாருக்கு வழிவிடுகிறது? பொருள் முதலில் பொருளாக இருக்க வேண்டும். பிறகுதான் அது வேறொன்றைக் குறிக்கும். செருப்பும் தேநீர்க் குவளையும் முதலில் பொருள்கள். அவை எதைக் குறிக்கின்றன என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இந்த வழியில் நான்கு பொருள்களைப் பார்ப்போம்.

முதலாவது, தெரு. நார்த் ரிச்மண்ட் தெரு ஒரு முட்டுச்சந்து. முட்டுச்சந்துக்கு ஜாய்ஸ் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல் குருடு என்பதையும் குறிக்கும். சிறுவன் ஒளிந்து பார்க்கும் ஜன்னல் திரைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஆக, வெளியேற வழியில்லாத தெருவும் பார்வையை மறைக்கும் திரையும் ஒரே சொல்லில் இணைகின்றன. அந்தத் தெருவில் கிறித்துவ சகோதரர்களின் பள்ளி இருக்கிறது. பள்ளி விடும் நேரத்தைச் சிறையிலிருந்து விடுதலை ஆவதுபோல் கதை சொல்கிறது. அதைத் தவிர மற்ற நேரமெல்லாம் தெரு அமைதி. எல்லோரும் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருக்கும் அமைதி அது.

இரண்டாவது, பாதிரியாரின் அறை. சிறுவன் குடியிருக்கும் வீட்டில் முன்பு ஒரு பாதிரியார் வாழ்ந்து, பின்பக்க அறையில் இறந்துபோயிருக்கிறார். காற்றோட்டமில்லாத அறைகள், பழைய தாள்கள், மூன்று புத்தகங்கள். ஒன்று வால்டர் ஸ்காட்டின் நாவல், ஒன்று பக்தி நூல், ஒன்று விடோக் என்ற பிரெஞ்சுத் துப்பறிவாளரின் நினைவுக் குறிப்பு. தோட்டத்தில் ஒரு ஆப்பிள் மரமும் துருப்பிடித்த சைக்கிள் பம்பும். பாதிரியார் தன் பணத்தையெல்லாம் நிறுவனங்களுக்கு எழுதிவைத்துவிட்டு, வீட்டுச் சாமான்களைத் தங்கைக்கு விட்டுப்போனார் என்று கதைசொல்லி போகிறபோக்கில் சொல்கிறான். தர்மவான் என்றும் சொல்கிறான். ஒரு பாதிரியாருக்கு அவ்வளவு பணம் எப்படி வந்தது, உடன்பிறந்தவளுக்கு மேசை நாற்காலி மட்டும் ஏன் என்று அவன் கேட்பதில்லை. நாம் கேட்கலாம்.

அந்த அறையில்தான் ஒரு மழை இரவில் சிறுவன் இரண்டு உள்ளங்கைகளையும் நடுங்கும்வரை அழுத்திக்கொண்டு காதலின் பெயரைத் திரும்பத் திரும்ப முணுமுணுக்கிறான். ஜெபம் செய்யும் கை அது. விரும்புவதற்கு அவனுக்குத் தெரிந்த மொழி ஜெபத்தின் மொழி ஒன்றுதான். அத்தையோடு சனிக்கிழமைச் சந்தைக்குப் போகும்போது குடிகாரர்களும் பேரம் பேசும் பெண்களும் கூலியாட்களின் வசைகளும் நிறைந்த கூட்டத்தில், தான் பூசைக்கான திருக்கிண்ணத்தை எதிரிகள் நடுவே பத்திரமாக ஏந்திச் செல்வதாக நினைத்துக்கொள்கிறான். கவனியுங்கள், அவனுடைய காதல் கற்பனையில் எதிரிகளாக மாறுவது உழைக்கும் மக்கள். புனிதம் என்று ஒன்றைக் கையில் எடுத்த உடனே சுற்றியிருப்பவர்கள் அசுத்தம் ஆகிவிடுகிறார்கள். தூய்மை என்ற எண்ணம் எப்படி வேலை செய்யும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஐரிஷ் சிறுவனின் அப்பாவிக் காதலிலும் அது அப்படியே வேலை செய்கிறது.

மூன்றாவது, காசு. இதை நோட்ஸ் புத்தகங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. மாமா கொடுப்பது ஒரு ஃப்ளாரின், அதாவது இரண்டு ஷில்லிங். அன்றைய கணக்கில் 24 பென்ஸ். சந்தை வாசலில் ஆறு பென்ஸ் நுழைவாயிலை அவன் தேடுகிறான். காணவில்லை. கடை மூடிவிடுமோ என்ற பதற்றத்தில் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ், கொடுத்து உள்ளே போகிறான். கடைசியில் அவன் பையில் ஒரு ஆறு பென்ஸ் நாணயமும் இரண்டு ஒரு பென்னி நாணயங்களும் இருக்கின்றன. 24இல் 12 போய், கையில் 8. மீதி நான்கு பென்ஸ் ரயிலுக்குப் போயிருக்கும்.

எட்டுப் பென்ஸில் பீங்கான் ஜாடி வாங்க முடியாது. கதை இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. இரண்டு காசுகள் இன்னொரு காசின் மேல் விழும் சத்தத்தை மட்டும் கேட்க வைக்கிறது. சற்று முன்பு இன்னொரு காசுச் சத்தமும் கேட்டது. மண்டபத்தில் இரண்டு ஆண்கள் வசூல் பணத்தைத் தட்டில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தட்டில் விழும் காசுக்கும் இவன் பையில் விழும் காசுக்கும் நடுவில்தான் அந்தக் காதல் நசுங்குகிறது. மாமா நேரத்தோடு வந்திருந்தால் ஆறு பென்ஸ் வாயிலைத் தேடிப் பிடிக்க நேரம் இருந்திருக்கும். அவர் தாமதித்தார், இவன் இரட்டிப்பாகக் கொடுத்தான். நேரத்தின் மீது அதிகாரம் இல்லாதவர்கள் எப்போதும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

நான்காவது, சந்தை. அராபி என்ற சொல்லைக் கேட்டதும் சிறுவனின் மனதில் கீழைத்தேய மாயம் படர்கிறது. அந்தச் சொல்லின் ஒலியே அவனை மயக்குகிறது. அரேபியாவுக்கும் அந்தச் சந்தைக்கும் என்ன தொடர்பு? பெயரைத் தவிர ஒன்றுமில்லை. கீழைநாடுகளை மேற்கு தன் தேவைக்கு ஏற்பக் கற்பனை செய்து வைத்திருந்ததை எட்வர்ட் சையித் 1978இல் 'ஓரியண்டலிசம்' நூலில் விரிவாக எழுதினார். இங்கே இன்னொரு சுற்றும் இருக்கிறது. அடிமைப்பட்ட ஒரு நாட்டுச் சிறுவன், தன்னை ஆளும் நாடு கற்பனை செய்த இன்னொரு நாட்டைக் கனவு காண்கிறான். தன் ஆசை தன்னுடையது என்று நினைக்கிறான். ஆனால் அந்த ஆசையின் வடிவம் ஏற்கெனவே செய்து விற்பனைக்கு வைக்கப்பட்டது. போய்ப் பார்த்தால் உள்ளே இருப்பது பூசை முடிந்த கோவிலில் இருக்கும் வெறுமை. கடை வாசலில் கிழக்கத்தியக் காவலாளிகள் போல இரண்டு பெரிய ஜாடிகள். அவற்றுக்கு நடுவே ஆங்கில உச்சரிப்பில் அரட்டை.

அந்த அரட்டையில் என்ன இருந்தது?

கதையின் திருப்பம் இங்கேதான். விற்பனைப் பெண் ஏதோ சொன்னதாக இளைஞர்கள் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை என்கிறாள். நீ சொன்னாய் என்கிறார்கள். பொய் என்கிறாள். அவ்வளவுதான், பொருளே இல்லாத பேச்சு. சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். யாரும் அவனைத் திட்டவில்லை, விரட்டவுமில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படியிருக்க எது அவனை உடைத்தது?

இரண்டு விஷயங்கள். அவன் புனிதம் என்று நினைத்து ஏந்தி வந்ததற்கும் இந்த மலிவான சீண்டல் பேச்சுக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு என்று அவனுக்குப் படுகிறது. மேங்கனின் அக்காவோடு அவன் பேசியதும் நான்கைந்து வாக்கியங்கள்தானே? நீ போவாயா, நான் போனால் வாங்கி வருகிறேன். அதன்மேல் அவனே ஒரு கோவிலைக் கட்டியிருந்தான். இது அவன் உண்மையாகவே கண்டுகொண்டது. வலித்தாலும் நேர்மையான அறிதல்.

இரண்டாவது, அந்தப் பெண்ணின் குரலில் இருந்த தொனி. என்ன வேண்டும் என்று அவள் கேட்பதில் அழைப்பு இல்லை. கேட்டுவிட்டு அந்த இளைஞர்களிடமே திரும்புகிறாள். தோள் வழியாக ஓரிரு முறை இவனைப் பார்த்துக்கொள்கிறாள். துணிக்கடையிலோ நகைக்கடையிலோ விற்பனையாளர் நம் செருப்பிலிருந்து தொடங்கி முகம்வரை பார்க்கும் பார்வை இங்கே பலருக்குத் தெரியும். வாங்க வந்தவன் இல்லை என்று முடிவு செய்துவிட்ட பார்வை. வேண்டாம் என்று நாமே சொல்லிவிடுவோம். வாங்க முடியாது என்பதைச் சொல்வதைவிட வேண்டாம் என்பது எளிது. அந்தச் சிறுவனும் அதையே செய்கிறான். பிறகும் சற்று நேரம் பொருள்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு நகர்கிறான். பயனில்லை என்று தெரிந்தும் ஆர்வம் இருப்பதுபோல் காட்டும் அந்தப் பாவனை கதையிலேயே எனக்கு மிகவும் வலிக்கும் இடம்.

தன்னை அறிதல் எந்த அளவு?

இப்படிச் சட்டென்று ஒன்று விளங்கும் கணத்துக்கு ஜாய்ஸ் ஒரு பெயர் வைத்திருந்தார். கத்தோலிக்கர்கள் கொண்டாடும் திருக்காட்சித் திருநாளின் ஆங்கிலப் பெயரை எடுத்து, சாதாரணப் பொருளோ பேச்சோ திடீரென்று தன் உள்ளிருப்பைக் காட்டிவிடும் கணத்துக்கு வைத்தார். திருச்சபையை விட்டு வெளியேறியவர் அதன் சொல்லை எடுத்துச் சென்று வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார். 'அராபி'யின் கடைசிக் கணம் அப்படிப்பட்டது.

அந்தக் கணத்தில் சிறுவன் தன்னைப் பற்றிச் சொல்லும் சொல் ஆங்கிலத்தில் இரண்டு பொருள் உள்ளது. ஒன்று தற்பெருமை, இன்னொன்று வெறுமை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் பிரசங்கி நூலில் அதே சொல்தான் மாயை என்று வருகிறது. தற்பெருமை கொண்டேன் என்றால் அது என் குற்றம். மாயையில் இருந்தேன் என்றால் அந்த மாயையை யார் உண்டாக்கினார்கள் என்று கேட்க முடியும். சிறுவன் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறான். அதை அவன் எங்கே கற்றான்? பாவசங்கீர்த்தனத்தில் கற்றான். காலனி ஆட்சி, குடித்துவிட்டு வரும் மாமா, காசில்லாத பை, விற்பனைக்கு வைத்த கிழக்கு, இத்தனையும் சேர்ந்து ஒரு மாலையைக் கெடுத்தன. கடைசியில் நான் பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொள்வது அவன் மட்டும்தான்.

ஆனால் அந்த வரியில் வேதனையோடு கோபமும் இருக்கிறது. அந்தக் கோபம் யார் மீது என்று கதை சொல்லவில்லை. பல விமர்சகர்கள் அதையும் அவன் தன்மீது கொண்ட கோபமாகவே வாசிக்கிறார்கள். அந்தக் கோபத்துக்கு இன்னும் முகவரி கிடைக்கவில்லை என்று நான் வாசிக்கிறேன். வளர்ந்த பிறகு இதே சிறுவன் கதைசொல்லியாக, காசுச் சத்தத்தையும் ஆங்கில உச்சரிப்பையும் பாதிரியாரின் உயிலையும் ஒன்றுவிடாமல் குறித்து வைக்கிறான். அன்று கிடைக்காத முகவரியை எழுத்தில் தேடுகிறான். அதனால் இந்தக் கதையில் தன்னை அறிதல் இருட்டு மண்டபத்தோடு முடிவதில்லை. எழுதும்போதுதான் முழுமையாகிறது.

பெயரில்லாத அக்கா

இன்னொருவர் அறிந்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை. மேங்கனின் அக்காவுக்குக் கதையில் பெயர் கிடையாது. தம்பியின் பெயரால் மட்டுமே அறியப்படுகிறாள். அவளை நாம் பார்ப்பதெல்லாம் மேலே விழும் வெளிச்சத்தில்தான்: கழுத்து, கூந்தல், கம்பியைப் பிடித்த கை, உள்பாவாடையின் வெள்ளை ஓரம். சிறுவனின் கண்கள் அவளைத் துண்டுதுண்டாகவே எடுக்கின்றன.

ஆனால் அராபிக்குப் போக முதலில் ஆசைப்பட்டவள் அவள். மடத்துத் தியானம் அவளைத் தடுத்தது. பேசும்போது கையிலிருந்த வெள்ளி வளையலைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அந்த வளையலை விமர்சகர்கள் பலவிதமாக விளக்குகிறார்கள். போக முடியாத ஒருத்தியின் கை வேறென்ன செய்யும் என்று நான் பார்க்கிறேன். அவனுக்குத் தாமதமாகவாவது போக முடிந்தது, ஏமாறவாவது முடிந்தது. அவளுக்கு அந்த ஏமாற்றமும் கிடைக்கவில்லை. நம் தெருக்களிலும் காதல் என்றால் பையனின் கதையாகவே சொல்லப்படுகிறது. பெண்ணின் பெயர் வழக்குக் கோப்பில் வரும், அவள் என்ன விரும்பினாள் என்பது எங்கும் வராது. இந்தக் கதையை நீங்கள் வகுப்பில் நடத்தினால், அவள் பக்கமிருந்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு அட்டையும் ஒரு கோப்பையும்

'அராபி'க்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க இரண்டு உண்மை நிகழ்வுகளைச் சொல்கிறேன். முதலாவது, அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸ் 1903இல் வெளியிட்ட 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' நூலின் முதல் இயலில் வருவது. பின்னாளில், 1946இல், அம்பேத்கரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர் அவர். மாசசூசெட்ஸில் அவர் படித்த சிறு பள்ளியில் குழந்தைகள் அழகிய அறிமுக அட்டைகள் வாங்கி, ஒருவருக்கொருவர் கொடுத்து விளையாடினார்கள். புதிதாக வந்த ஒரு மாணவி இவருடைய அட்டையை மட்டும் வாங்க மறுத்தாள். ஒரே பார்வையில். தான் மற்றவர்களைப்போல் இல்லை என்பது அன்று அவருக்கு விளங்கியது. அந்த அறிதலிலிருந்து அவர் நான் தற்பெருமைக்காரன் என்ற முடிவுக்கு வரவில்லை. நம்மையே மற்றவர் கண் வழியாகப் பார்க்க வைக்கப்படும் நிலைக்கு இரட்டை உணர்வு என்று பெயரிட்டார். பெயரிட்டதும் அது ஒரு சிறுவனின் அவமானமாக மட்டும் இல்லாமல், ஒரு சமூகத்தைப் பற்றிய அறிவாக மாறியது.

இரண்டாவது, ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் இந்தியில் வெளியிட்ட தன்வரலாறு 'ஜூட்டன்'. மகாராஷ்டிரத்தில் பயிற்சியில் இருந்தபோது ஒரு பிராமணக் குடும்பம் அவரோடு பழகுகிறது. வால்மீகி என்ற பெயரை வைத்து அவரையும் பிராமணர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் அவரை விரும்புகிறாள். ஒருநாள் அங்கு வந்த ஒரு தலித் பேராசிரியருக்குத் தனிக் கோப்பையில் தேநீர் கொடுக்கப்படுவதை இவர் பார்க்கிறார். அவளிடமே கேட்கிறார். தனிப் பாத்திரம் வைத்திருப்பதை அவள் இயல்பாக ஒப்புக்கொள்கிறாள். அவர் தன் சாதியைச் சொல்லிவிடுகிறார். அவள் அழுகிறாள். அதோடு அந்த உறவு முடிகிறது.

டப்ளின் சந்தையிலும் பீங்கான், இந்த வீட்டிலும் கோப்பை. அங்கே கோப்பையை வாங்கக் காசில்லை. இங்கே கோப்பை கையிலேயே இருக்கிறது, ஆனால் அது வேறொருவர் என்று நினைத்துக் கொடுக்கப்பட்டது. வால்மீகி சும்மா இருந்திருந்தால் காதல் தொடர்ந்திருக்கலாம். தான் யார் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் தேடியது தன்னை அல்ல, தன்னைத் தானாகவே ஏற்கும் ஒருவரை. ஆகவே தன்னை அறிதல் அவரிடம் தன்னை அறிவிப்பதாக மாறுகிறது. ஜாய்ஸின் சிறுவன் இருட்டில் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். வால்மீகி எதிரில் நிற்பவரிடம் சொல்கிறார். தலித் இலக்கியத்தில் தன்னை அறிதல் பெரும்பாலும் இப்படி இன்னொருவர் முகத்துக்கு நேராகத்தான் நிகழ்கிறது.

மாணவர்களுக்கு

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள், குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். விரும்பிப் போய், ஒரு பார்வையால் திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். அன்று இரவு எனக்கு எதற்கு இந்த ஆசை என்றுதான் மனது முதலில் சொல்லும். அந்த வாக்கியத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அதில் உங்கள் பங்கு எவ்வளவு? கற்பனையாகக் கட்டியது எவ்வளவு? அது இருந்தால் நேர்மையாக ஒப்புக்கொள்ளலாம். ஒருவர் உங்களை விரும்பாமல் இருப்பதும் அவருடைய உரிமை. அதை வஞ்சகம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மீதி எவ்வளவு? பையில் இருந்த எட்டுப் பென்ஸ், தோள் வழியாக வந்த பார்வை, தனியாக வைத்த கோப்பை, இவற்றின் பங்கையும் தனியே எழுதுங்கள். அது உங்கள் வெட்கம் அல்ல. அதைச் சுமக்க வேண்டியவர்கள் வேறு.

எழுத வருகிறவர்களுக்கும் இதிலிருந்து ஒன்று கிடைக்கிறது. ஜாய்ஸ் காலனியாதிக்கம் என்ற சொல்லை இந்தக் கதையில் ஒருமுறைகூட எழுதவில்லை. இரண்டு இளைஞர்களின் உச்சரிப்பை மட்டும் குறிப்பிட்டார். வறுமை என்று எழுதவில்லை. சில்லறையை எண்ணினார். நம் தெருவிலும் பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் விலை, அவை இருக்கும் இடம், அவற்றைத் தொடக்கூடியவர் யார், கூடாதவர் யார் என்பதைச் சரியாக எழுதினாலே போதும், குறியீடு தானாக வரும்.

இந்தக் கதையை இதுவரை படிக்காதவர்கள் ஒருமுறை படியுங்கள். படித்தவர்கள் மறுபடி படிக்கும்போது அந்தக் காசை எண்ணிக்கொண்டே படியுங்கள்.

ஜெய்பீம்.